மலைத் தானியமும் நடமாடும் அடுக்களையும்

நாமக்கல் மாவட்டத்திலே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடைச் சங்க காலத்தில் வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட மலை அது. அம்மலையின்மேல் ஊர்களின் தொகுதி இன்றும் ‘நாடு’ என்றே வழங்கப்படுகிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்பன அவற்றுட் சில. வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் திருக்கோயில் உள்ளது. அம்பலவாணக் கவிராயர் ‘அறப்பளீசுர சதகம்’ பாடியது இக்கோயிலில் எழுந்தருளிய இறைவனை முன்னிறுத்தியே ஆகும். கோயிலுக்கு அண்மையில் ஆகாய கங்கை என்னும் அருவி பாய்கின்றது. அதனைக் காண விரும்புவோர் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்குதல் வேண்டும். கண்டபின் அத்தனை படிகளிலும் ஏறுதல் வேண்டும்.

ஏறி வந்தவருக்கு முதலில் தோன்றுவது பசி. பசித்தவர் பலர் கூடும் இடத்தில் உணவு விற்பவரும் தோன்றுவர். இஃது உலகியற்கை. ஆயினும் அடுப்பு மூட்டியவர் அனைவரும் தொழிலில் நிலைத்ததில்லை. உணவைக் கொண்டு சென்று விற்கும் தொழில் எவ்வாறு பிறந்தது, அதனைத் தொடங்குவோர் எவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும், கொல்லிமலையின் தானியம் அத்தொழிலுக்கு எங்ஙனம் துணையாகும் என்பவற்றை அறிவது பயனுடையதாகும்.

உண்பவரை நாடிச் சென்ற உணவு

உணவு விற்றல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்து மருவூர்ப் பாக்கத்தில் காழியரும் கூவியரும் இருந்தனர். பிட்டு விற்றவர் காழியர்; அப்பம் சுட்டு விற்றவர் கூவியர். மதுரையில் பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டியின் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. உறவும் பொருளும் இல்லாத ஒருத்திக்கும் கைப்பிடி மாவும் ஓர் அடுப்பும் வாழ்வு தந்தன என்பது அக்கதையால் விளங்கும்.

மேலை நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இன்று உலகெங்கும் உண்ணப்படும் பீட்சா என்னும் அப்பம் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்தில் ஏழை மக்களின் உணவாக வளர்ந்தது. அதனை விற்றவர் சூடு ஆறாத தகரக் கலத்தில் அடுக்கித் தலைமேற் சுமந்து தெருத்தெருவாகச் சென்றனர். காசு மிகுதியாக உடையவர் பெரிய துண்டும், குறைவாக உடையவர் சிறிய துண்டும் வாங்கினர். நேப்பிள்ஸ் நகரத்தாரின் பீட்சா செய்யும் கலையை 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மானிடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தெருவில் சுமந்து விற்ற உணவு உலகப் புகழ் பெற்றது.

தலைச்சுமை பின்னர் வண்டிச்சுமை ஆயிற்று. 1866-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்நைட் என்பவர் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில், மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லும் ஆட்களுக்காகப் பழைய படை வண்டி ஒன்றில் அறைகள் அமைத்து, அதனைச் சமையல் வண்டி ஆக்கினார். 1872-இல் வால்டர் ஸ்காட் என்பவர் பிராவிடன்ஸ் நகரத்தில், இரவில் பணிபுரியும் செய்தித்தாள் அலுவலகத்தாருக்குக் குதிரை வண்டியிலிருந்து உணவு விற்றார். உணவு விடுதிகள் அடைத்துவிட்ட வேளையில் அவர் வண்டி திறந்திருந்தது. பிறர் செல்லாத இடத்துக்குப் பிறர் செல்லாத வேளையில் சென்றதே அவர் வெற்றியின் காரணம்.

ஏன் பீட்சா?

இந்நாளில் பல நாடுகளில் அடுப்பு பொருத்திய வண்டியைத் திருமண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் ஓட்டிச் சென்று, அங்கேயே பீட்சா சுட்டு வழங்குகின்றனர். இத்தொழிலுக்குப் பீட்சா ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. நேப்பிள்ஸ் முறைப்படி விறகு அடுப்பு 400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் உடையது. அதில் ஓர் அப்பம் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆகவே ஒரே அடுப்பைக் கொண்டு குறைந்த நேரத்தில் பலர்க்கு உணவளிக்கலாம். மாவை முன்னரே பிசைந்து வைத்து, கேட்டவுடன் சுட்டுத் தரலாம். இவ்விரண்டும் நடமாடும் அடுக்களைக்கு இன்றியமையாத பண்புகள்.

இப்பண்புகள் பீட்சாவுக்கு மட்டும் உரியன அல்ல. தோசைக்கும் உண்டு, அடைக்கும் உண்டு. கோதுமை மாவை நீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதம் வலைபோற் பின்னிக்கொள்கிறது. மாவு நொதிக்கும்போது எழும் காற்றை அவ்வலை பிடித்து வைக்கிறது. அதனால் அப்பம் உப்பி மென்மை அடைகிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் அத்தகைய புரதம் இல்லை. அவற்றின் மாவை மட்டும் கொண்டு பீட்சா தட்டினால் அது விரியாமல் வெடிக்கும்; கோதுமை மாவும் கலத்தல் வேண்டும். ஆனால் நம் நாட்டு மகளிர் இக்குறைக்கு நெடுங்காலத்துக்கு முன்பே வழி கண்டனர். உளுந்தை அரைத்துச் சேர்த்தால் அதன் பசைத்தன்மை மாவிலுள்ள காற்றைத் தாங்கிக்கொள்ளும். சாமையும் உளுந்தும் சேர்ந்த தோசை இவ்வாறுதான் மென்மை பெறுகிறது. பெயரால் வேறுபட்டாலும் நேப்பிள்ஸ் நகரத்தாரும் தமிழ் மகளிரும் தீர்த்த சிக்கல் ஒன்றே.

மலைத் தானியம் மறைந்த வரலாறு

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டு வந்தனர். சரிவான நிலத்தில், மழை நீரை மட்டும் நம்பி விளைபவை அவை. பின்னர் நிலைமை மாறியது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை விரும்பி வாங்கின. மரவள்ளி கையிற் காசு தந்தது. நியாய விலைக் கடையில் அரிசி எளிதாகக் கிடைத்தது. இவற்றால் சிறுதானியம் விளைந்த நிலம் ஆண்டுதோறும் சுருங்கியது.

இதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. அஃது உரலிலும் உலக்கையிலும் இருந்தது. சாமையின் உமி எளிதிற் கழலாது. அதனைக் காயவைத்து, குத்தி, புடைத்து, மீண்டும் குத்தி, கொழித்து எடுத்தல் வேண்டும். வயலிலும் வீட்டிலும் உழைத்துக் களைத்த பெண்களே அந்த வேலையையும் செய்தனர். ஒரு வேளைச் சோற்றுக்காக நெடுநேரம் உலக்கை பிடித்த தாய், சமைப்பதற்கு எளிய அரிசி கிடைத்தபோது அதனை நாடியதில் வியப்பு என்ன? அவரைக் குறை கூறுவது அறியாமை ஆகும். தானியத்தின் பெருமையைப் பேசினால் மட்டும் அவர் தோள்வலி தீராது.

எனினும் இழப்பு சிறியதன்று. ஒரே பயிரை நம்பிய குடும்பம், கிழங்கின் விலை வீழ்ந்த ஆண்டில் தானும் வீழ்ந்தது. விதை விதைக்கப்படாவிட்டால் சில ஆண்டுகளில் முளைக்கும் ஆற்றலை இழக்கும். பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்துக் காத்த விதை வகைகள் ஒரு தலைமுறையின் மறதியால் அழியும் நிலை வந்தது. உணவின் சத்தும் குறைந்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சிறிதே.

மீட்சிக்கு வகுத்த வழி

வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ஆம் ஆண்டில் சென்னையில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனம் 1990-களின் நடுவில் கொல்லிமலையில் பணியைத் தொடங்கியது. விதைகளைத் திரட்டிக் காத்தல், பயிர் முறையைத் திருத்துதல் என்பவற்றோடு அப்பணி நின்றுவிடவில்லை. உலக்கையின் சுமையைக் குறைத்தாலன்றித் தானியம் அடுக்களைக்குத் திரும்பாது என்பதை அறிந்து, உமி நீக்கும் இயந்திரங்களும் மாவு அரைக்கும் இயந்திரங்களும் ஊர்களில் அமைக்கப்பட்டன. மகளிர் தன்னுதவிக் குழுக்கள் அவற்றை ஏற்று நடத்தின.

தன்னுதவிக் குழு என்னும் அமைப்பு தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் அரசின் துணையோடு தொடங்கிப் பரவியது. தனியொருத்திக்குக் கடன் தர அஞ்சும் வங்கி, ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் குழுவுக்குத் தர முன்வந்தது. கொல்லிமலைக் குழுவினர் சாமையும் தினையும் கேழ்வரகும் கொண்டு அரிசி, ரவை, மாவு, உடனே சமைப்பதற்குரிய கலவை முதலியவற்றை ஆக்கக் கற்றனர். அவற்றை உறையிலிட்டு, எடை பார்த்து, பெயர் பொறித்து நகரத்துக் கடைகளுக்கு அனுப்பினர். 2009-ஆம் ஆண்டில் குழுக்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. உண்ணுவதற்கென்று விளைந்த பொருள் அவ்வாறு விற்பதற்கும் உரிய பொருள் ஆயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டினைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, பல நாட்டு மக்களும் இத்தானியங்களை மீண்டும் எண்ணிப் பார்த்தனர்.

தானியத்தை உறையிலிட்டு விற்பது ஒரு படி. அதனைச் சமைத்து, உண்பவர் கையில் சூடாக வைப்பது அடுத்த படி. சாமையின் சுவையை அறியாதவர் அதன் மாவை வாங்கத் தயங்குவர். ஒருமுறை உண்டவர் பின்னர் தாமே கேட்டு வாங்குவர். ஆதலின் நடமாடும் அடுக்களை உணவை விற்பதோடு தானியத்தையும் அறிமுகம் செய்கிறது.

தொழிலின் கணக்கு

நடமாடும் அடுக்களை தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியது கணக்கு. வண்டி, அடுப்பு, பாத்திரம் ஆகியவற்றுக்கு ஒருமுறை இடும் பொருள் நிலைமுதல். தானியம், எண்ணெய், எரிவாயு, கூலி ஆகியவற்றுக்கு நாள்தோறும் செலவாகும் பொருள் நடைமுதல். நிலைமுதலுக்கு மட்டும் கடன் பெற்று, நடைமுதலுக்கு வழி செய்யாமல் தொடங்குவோர் முதல் மாதத்திலேயே தடுமாறுவர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்க. இருவர் சேர்ந்து 60,000 ரூபாயில் தள்ளுவண்டி ஒன்று அமைத்தனர் என்று வைத்துக்கொள்க. சாமை உப்புமா ஒரு தட்டு 30 ரூபாய். நாளொன்றுக்கு 100 தட்டு விற்றால் வரவு 3,000 ரூபாய். பொருளுக்குத் தட்டுக்கு 14 ரூபாய் வீதம் 1,400, எரிவாயுவுக்கு 250, இருவர் கூலி 800, வண்டியைக் கொண்டு செல்ல 150, வண்டியின் தேய்மானத்துக்கு 100. ஆகச் செலவு 2,700. எஞ்சுவது 300 ரூபாய். தம் சொந்த உழைப்புதானே என்று கூலியை எழுதாமல் விட்டால் ஊதியம் 1,100 ரூபாய் போலத் தோன்றும். அது மெய்யான ஊதியம் அன்று. உழைத்தவரின் கூலியும் அதில் மறைந்து கிடக்கிறது. நாளுக்கு 100 ரூபாய் ஒதுக்கினால் வண்டியின் விலை மீள 600 நாள் ஆகும் என்பதையும் அறிக.

இனி ஒரு நாள் மழை பெய்கிறது. 100 தட்டுக்கு வேண்டிய உப்புமாவும் காலையிலேயே ஆக்கி முடிந்தது. விற்றது 40 தட்டு, வரவு 1,200. செலவோ அதே 2,700. இழப்பு 1,500 ரூபாய். ஐந்து நல்ல நாட்களின் ஊதியத்தை ஒரு மழை நாள் கொண்டுபோயிற்று! ஆக்கி வைக்காமல், வருவோர் அளவறிந்து சிறிது சிறிதாக ஆக்கியிருந்தால் பொருட்செலவு 560 ரூபாயே ஆகியிருக்கும். மொத்தச் செலவு 1,860, இழப்பு 660. இழப்பு இல்லாமற் போகவில்லை. ஆனால் தாங்கும் அளவுக்குக் குறைந்தது. சமைக்காத ரவை பானையில் இருந்து மறுநாளுக்கு உதவும்; சமைத்த உப்புமா மறுநாளுக்கு உதவாது. சிறுதானிய ரவையின் சிறப்பு இங்கே விளங்கும். கேட்டபின் சுடுகின்ற பீட்சாவும் கேட்டபின் வார்க்கின்ற தோசையும் இத்தொழிலில் நிலைத்ததற்கும் இதுவே காரணம்.

மழைக்கு அஞ்சாத வழியும் ஒன்று உண்டு. திருமணத்துக்கும் விழாவுக்கும் முன்கூட்டியே பேசி உணவு வழங்குவது அது. உண்பவர் தொகை முன்பே தெரியும்; பொருளுக்கு வேண்டிய பணத்தை முன்பணமாகப் பெறலாம். ஆயினும் அதில் தவறுக்கு இடம் இல்லை. சந்தையில் ஒரு நாள் வண்டி வாராவிட்டால் இழப்பு வண்டிக்காரருக்கு. திருமண வீட்டில் வாராவிட்டால் பழி ஊர் முழுவதும் பரவும்.

மலையும் வண்டியும்

தொழில் இடத்துக்கு ஏற்றதாக அமைதல் வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செங்கல் அடுப்பு சுமந்த வண்டி அவ்வளைவுகளில் தள்ளாடும். பாரம் உயர உயர வண்டி கவிழும் இயல்பும் மிகும். ஆகவே இரும்புத் தோசைக்கல்லும் எரிவாயு அடுப்பும் போன்ற இலகுவான கருவிகளைத் தேர்ந்து, அவற்றை வண்டியின் அடிப்பகுதியில் பிணித்தல் அறிவுடைமை.

மலையின் உயரம் சமையலையும் மாற்றும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே அங்கே தானியம் வேகச் சிறிது மிகுதியான நேரமும் எரிபொருளும் வேண்டும். சமவெளியில் எழுதிய கணக்கை மலைமேல் அவ்வாறே கொண்டு செல்பவர் எரிவாயுச் செலவில் ஏமாற்றம் அடைவர்.

சட்டமும் தூய்மையும்

உணவு விற்பவர் பிறர் உயிரைக் கையில் ஏந்தியவர் ஆவர். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி சிறு வணிகரும் தம் தொழிலைப் பதிவு செய்து, 14 இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பெறுதல் வேண்டும். நகரத் தெருக்களில் விற்போரின் வாழ்வுரிமையைக் காக்க 2014-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது. விற்பதற்குரிய இடங்களை வகுப்பதில் வணிகரின் சார்பாளர்க்கும் அச்சட்டம் இடம் அளித்தது. வீட்டுக்குரிய எரிவாயு உருளையை வணிகத்துக்குப் பயன்படுத்துதல் கூடாது. வணிக உருளையே அதற்கு உரியது.

சட்டம் கூறுவதற்கு முன்பே மனச்சான்று கூறுவனவும் உள்ளன. நல்ல நீரையே பயன்படுத்துதல், காசு தொட்ட கையால் உணவைத் தொடாமை, சூடான உணவை 60 பாகைக்கு மேல் வைத்திருத்தல், எஞ்சியதை மறுநாள் விற்காமை, எச்சிலையும் கழிவையும் அருவிக் கரையில் எறியாமை என்பன அவை. ஒருவர் வயிற்றைக் கெடுத்த உணவுக்கு ஆயிரம் பேர் புகழுரையும் ஈடாகாது.

முடிவுரை

தொழில் சிறிதாயினும் அதனைத் தாங்கி நிற்பவை பல. விதையைக் காத்த உழவர், உமியை நீக்கிய இயந்திரம், கடன் பெற்றுத் தந்த குழு, கணக்கைப் பொய்யின்றி எழுதிய கை, தூய்மை பேணிய மனம் ஆகிய இவை அனைத்தும் சேர்ந்தே ஒரு தட்டு உணவு உருவாகிறது. நேப்பிள்ஸ் நகரத்து ஏழையின் அப்பம் உலகை வலம் வந்ததுபோலக் கொல்லிமலைச் சாமையும் மலை இறங்கி வருதல் கூடும். அது வருமாயின், உலக்கை பிடித்த தாயின் தோளுக்கு ஓய்வும், அவர் மகளின் கையில் ஊதியமும், மலையின் வயலில் விதையும் நிலைபெறும். உண்பவர் பசி தீர்வதோடு விளைத்தவர் வறுமையும் தீரும்போதே உணவு வாணிகம் அறம் ஆகிறது.

பயிற்சி வினாக்கள்

1. கொல்லிமலையில் சிறுதானியப் பயிர் குறைந்ததற்குரிய காரணங்கள் யாவை?
2. நிலைமுதல், நடைமுதல் இவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. சாமை உப்புமா விற்போர் ஒரு நாளில் 70 தட்டு விற்றனர். வேண்டிய அளவே சமைத்தனர். பாடத்தில் கண்ட செலவுகளின்படி அன்று ஊதியமா, இழப்பா? எவ்வளவு?
4. மலைமேல் தானியம் வேக மிகுதியான நேரம் ஆவது ஏன்?
5. உன் ஊரில் விளையும் ஒரு பொருளைக் கொண்டு தொடங்கத்தக்க உணவுத் தொழில் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.